ஐந்து நட்சத்திரம் பார்சலுக்கா, லேபிளுக்கா?

பழைய தீப்பெட்டி லேபிள், பட்டாசு லேபிள் சேகரிக்கிறவர்கள் இப்போது பெரும்பாலும் ஆன்லைனில்தான் வாங்கி விற்கிறார்கள். நானும் சில வருஷமாக அந்தக் கூட்டத்தில் ஒருவன். அங்கே அடிக்கடி வரும் கேள்வி: “இவரை நம்பலாமா?” உடனே பதில்கள் கொட்டும். “தங்கமான மனுஷன்.” “மூணு தடவை வாங்கிட்டேன், பேக்கிங் சூப்பர்.” “ரெண்டே நாள்ல ஸ்பீட் போஸ்ட் வந்துடுச்சு.”

எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் வந்து சேர்ந்த லேபிள் 1940-ல் அச்சானதா, போன வருஷம் அச்சானதா? அதற்கு இதில் பதிலே இல்லை. ரேட்டிங் முறை மீது எனக்கிருக்கும் விமர்சனம் இதுதான்: அது ஆளுடைய நடத்தைக்கு மார்க் போடுகிறது. அந்த மார்க்கைப் பொருளுக்கான சான்றிதழாக எடுத்துக்கொண்டு நாம் பணம் அனுப்புகிறோம்.

பெயருக்கு விலை உண்டு

முதலில் அந்த முறைக்கு நியாயம் செய்துவிடலாம். ஈபே 1996-ல் இதைக் கொண்டுவந்தபோது, முகமே பார்க்காத இரண்டு பேர் வியாபாரம் செய்ய ஒரு வழி கிடைத்தது. பால் ரெஸ்னிக்கும் சக ஆய்வாளர்களும் 2006-ல் வெளியிட்ட ஒரு சோதனை நம் பொழுதுபோக்குக்கு ரொம்ப நெருக்கமானது. நல்ல பெயர் எடுத்த ஒரு பழைய போஸ்ட்கார்டு வியாபாரி, ஒத்த தரமுள்ள கார்டுகளைத் தன் சொந்தக் கணக்கிலும் புதிதாகத் தொடங்கிய வேறு கணக்குகளிலும் விற்றார். ஆள் ஒருவர்தான், சரக்கும் ஒரே மாதிரிதான். ஆனாலும் பழைய கணக்குக்கு 8.1 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க ஆட்கள் தயாராக இருந்தார்கள்.

அதே சோதனையில் இன்னொரு முடிவும் உண்டு. புதிய கணக்குகளில் ஒன்றிரண்டு கெட்ட கருத்து இருந்தும், அதற்காக யாரும் விலையைக் குறைத்துக் கேட்கவில்லை! ரெஸ்னிக்கும் ரிச்சர்ட் ஸெக்ஹவுசரும் 1999-ம் வருஷத்து ஈபே வியாபாரங்களை எடுத்துப் பார்த்தபோது, வாங்கியவர்கள் கொடுத்த கருத்துகளில் எதிர்மறையானது 0.6 சதவீதம்தான். வகுப்பில் எல்லாரும் 99 மார்க் என்றால் அந்த மார்க்கை வைத்து யாரைப் பிரித்துப் பார்ப்பது?

வாங்கிய பிறகும் தெரியாத பொருள்

பொருளாதார அறிஞர் பிலிப் நெல்சன் 1970-ல் பொருட்களை இரண்டாகப் பிரித்தார். வாங்கும் முன்பே பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடியவை ஒன்று. பயன்படுத்திய பிறகு தெரிபவை இன்னொன்று. 1973-ல் டார்பியும் கார்னியும் மூன்றாவது வகையைச் சேர்த்தார்கள்: பயன்படுத்திய பிறகும் நமக்குத் தெரியாதவை. மெக்கானிக் ஒரு பாகத்தை மாற்றணும் என்கிறார், மாற்றிவிட்டார், வண்டியும் ஓடுகிறது. மாற்றியே ஆக வேண்டியிருந்ததா என்பது நமக்குக் கடைசி வரை தெரியாது.

பழைய லேபிள் இந்த மூன்றாவது வகை. பார்சல் வந்த அன்றைக்கே நாம் நட்சத்திரம் போட்டுவிடுகிறோம். அது மறுஅச்சு என்பது ஐந்து வருஷம் கழித்துத் தெரியலாம், தெரியாமலே போகலாம். விற்றவரும் பழசு என்று நம்பியே வாங்கியிருக்கலாம். ஆள் யோக்கியம், பொருள் போலி. இந்த நிலைமையை ரேட்டிங்கால் காட்டவே முடியாது.

சிவகாசி சரக்கில் சிக்கல் இன்னும் ஒரு படி அதிகம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டியிருந்ததால் அச்சகங்களும் கூடவே வளர்ந்தன. அதாவது அசல் அச்சான ஊரும், நகலை நன்றாக அடிக்கக்கூடிய ஊரும் ஒன்றுதான். “ஒரிஜினல் சிவகாசி பிரிண்ட்” என்று ஒருவர் எழுதினால், நேற்று அடித்த நகலுக்கும் அது பொய் இல்லை! நகல் அடிப்பதில் தப்பில்லை. அதைப் பழசு என்று விற்பதுதான் தப்பு.

லேபிளையே விசாரிக்கலாம்

நல்ல வேளையாக, லேபிளே நிறையப் பேசும். நான் பார்க்கிற வரிசை:

- விலை: நயா பைசா என்று இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தையதாக இருக்க முடியாது.
- மாநிலம்: ‘மதராஸ்’ மாநிலம் அதிகாரபூர்வமாக ‘தமிழ்நாடு’ ஆனது 1969-ல்.
- பின்கோடு: 1972 ஆகஸ்ட் 15-ல்தான் அறிமுகம். “1960-ம் வருஷத்து லேபிள்” என்பதன் முகவரியில் ஆறு இலக்கம் இருந்தால் பேச்சு முடிந்தது.
- மாவட்டம்: 1985 வரை சிவகாசி ராமநாதபுரம் மாவட்டம். பிறகு காமராஜர் மாவட்டம். விருதுநகர் மாவட்டம் என்ற பெயர் அதற்கும் பிறகு.
- எழுத்து: லை, னை, றா போன்றவற்றின் இன்றைய வடிவத்தை அரசு ஏற்றது 1978-ல். பெரியார் பத்திரிகைகளில் அதற்கு முன்பே உண்டு என்பதால் இதைத் தனிச் சாட்சியாக வைக்கக் கூடாது.

இவை தேதியைத் தப்பாகச் சொல்கிறவர்களைப் பிடிக்கும். அசலை அப்படியே ஸ்கேன் செய்து அடித்த நகலைப் பிடிக்காது. அதற்குக் காகிதம் பார்க்கணும். புற ஊதா டார்ச் அடித்தால் பளிச்சென்று நீலமாக ஒளிரும் காகிதத்தில் வெண்மையூட்டும் ரசாயனம் இருக்கிறது. 1930-களின் லேபிள் அப்படி ஒளிர்ந்தால் சந்தேகப்படலாம். லென்ஸில் பார்த்தால், கையால் வரைந்த கல்லச்சில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் இருக்கும். ஆஃப்செட்டில் வரிசை கட்டி நிற்கும்.

இப்போது ஆளுக்கு வருவோம். பின்பக்கப் போட்டோ, லென்ஸ் வைத்த போட்டோ கேளுங்கள். எங்கே கிடைத்தது என்று கேளுங்கள். “ஹண்ட்ரட் பர்சன்ட் கேரண்டி சார்” என்கிறவரைவிட, “பழைய அச்சகத்துக் கட்டில் இருந்தது, வருஷம் உறுதியாத் தெரியல” என்கிறவர் மீது எனக்கு நம்பிக்கை அதிகம்.

நாணயம் என்ற சொல்

தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் ‘நாணயம்’ என்ற ஒரே சொல் இருக்கிறது. விருதுநகர் மண்டிகளில் வத்தலும் மல்லியும் பருப்பும் கைமாறியதில் அந்த இரண்டாவது அர்த்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வியாபாரத்தில் மகமை பிரித்துப் பள்ளிக்கூடம் நடத்திய சமூகத்தில் ஒருவர் ஏமாற்றினால், போவது ஒரு வாடிக்கையாளர் மட்டுமில்லை. உறவின்முறை, கல்யாணம், கோயில் எல்லாவற்றிலும் அது தொடரும்.

இதை அப்படியே புகழ்ந்துவிட்டுப் போக எனக்கு மனசில்லை. அந்த நம்பிக்கை சாதி வட்டத்துக்குள் சுற்றியது. வெளியாளுக்கு அதே கடன், அதே வாய்தா கிடைத்திருக்காது. ஆன்லைன் வியாபாரம் அந்தக் கதவைத் திறந்தது நல்ல விஷயம்தான். மண்டியிலிருந்து நாம் எடுக்க வேண்டியது ஒரு கேள்வியை மட்டும்: ஏமாற்றினால் இவருக்கு என்ன போகும்?

பெயரை மாற்றிக்கொள்வது சுலபமாக இருந்தால் ஒன்றும் போகாது. தீபாவளிக்கு முன் சிவகாசி பெயரில் முளைக்கும் போலிப் பட்டாசுத் தளங்களைப் பாருங்கள். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆன்லைன் பட்டாசு விற்பனைக்கே தடை போட்டது. ஆனாலும் தளங்கள் வருகின்றன, ரிவ்யூ நிரம்பி வழிகிறது, பணம் போன பிறகு தளமே இருக்காது. (பணம் போனால் உடனே 1930-க்கு அடியுங்கள்.) இதற்கு நேர்மாறாக, பத்து வருஷம் ஒரே பெயரில் கட்டுரை எழுதி, தன் தப்பான தேதியைத் தானே திருத்தியவருக்கு இழக்க நிறைய இருக்கிறது.

வாங்குபவரையும் இதே கேள்வியால்தான் பார்க்கணும். அசலை வாங்கி நகலைத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. போலிப் பண ரசீது ஸ்கிரீன்ஷாட் காட்டுகிறவர்களும் உண்டு. விற்பவர் பழிக்குப் பழி வாங்குகிறார் என்று, 2008-ல் ஈபே வாங்குபவருக்குக் கெட்ட மார்க் போடும் உரிமையையே எடுத்துவிட்டது. அதனால் அங்கே வாங்குபவரின் ரேட்டிங் எதையும் சொல்வதில்லை. அனுப்பும் முன் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள், பணம் உங்கள் வங்கிக் கணக்கில் ஏறியதைப் பாருங்கள்.

ஒரு லேபிளுக்கு முந்நூறு ரூபாய், போனால் போகட்டும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. மூடிப்போன பல சின்னக் கம்பெனிகளுக்கு இன்று மிஞ்சியிருக்கும் தடயம் அந்த லேபிள்தான். தப்பான தேதியோடு ஒரு நகல் ஆல்பத்தில் ஏறினால், அடுத்து அதை வைத்து ஊர் வரலாறு எழுதுகிறவரும் தப்பாகவே எழுதுவார். அதனால் அடுத்த தடவை “நம்பலாமா?” என்று யாராவது கேட்டால், பேக்கிங்கைப் பற்றிச் சொல்வதோடு நிறுத்தாமல், அவரிடம் வாங்கியதை டார்ச் அடித்துப் பார்த்தீர்களா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.