அழிந்ததும் அழித்ததும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் வெள்ளமோ நிலச்சரிவோ வந்து ஓய்ந்த பிறகு, தமிழ் ஆர்வலர் கூட்டங்களில் ஒரு பெருமிதம் தவறாமல் எழுகிறது. ஆங்கிலத்தின் டிசாஸ்டர், கெலாமிட்டி, கெட்டஸ்ட்ரஃபி என்ற வரிசைக்கு ஈடாக இடர், பேரிடர், பேரழிவு என்று நம்மிடமும் தரம் பிரித்த சொற்கள் உண்டு. மலேசியச் செய்தித்தமிழ் யாருக்கும் இளைத்ததில்லை என்கிறார்கள். இந்தப் பெருமிதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதிதான் என்னை உறுத்துகிறது.

நியாயமான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். சந்தையில் மலாயில் 'பஞ்சிர் கிலாட்' என்றும் 'ஜெரெபு' என்றும் பேசுகிறவர்களுக்குத் 'திடீர் வெள்ளம்', 'புகைமூட்டம்' என்ற தமிழைப் பழக்கியவை நம் நாளேடுகளும் வானொலியும்தான். 2024 ஆகஸ்ட் 23 அன்று மஸ்ஜித் இந்தியா பகுதியில் நடைபாதை உள்வாங்கி, ஆந்திரத்திலிருந்து வந்த ஒரு பெண்ணை விழுங்கியபோது, 'நில அமிழ்வு' என்ற சொல் தயக்கமின்றிப் புழக்கத்துக்கு வந்தது. நல்ல சொல். 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன் போன்ற ஏடுகளின் உழைப்பு இல்லாமல் இந்த வளம் வந்திருக்காது.

ஆனால் வளர்ந்தவை பெயர்ச்சொற்கள் மட்டுமே. வினைச்சொல்லில் நாம் கோழைகளாகிவிட்டோம்.

அழிவைச் சொல்லும் தமிழ் வினைகள் பெரும்பாலும் இரட்டையாகவே பிறந்தவை. அழிந்தது, அழித்தது. இடிந்தது, இடித்தது. உடைந்தது, உடைத்தது. சிதைந்தது, சிதைத்தது. சரிந்தது, சரித்தது. பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படித்தோம். ஒரு மெய்யெழுத்து மாறினால் போதும், செய்தவன் வாக்கியத்துக்குள் வந்து நின்றுவிடுவான். இத்தனை கூர்மையான கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, நம் செய்தியாளர்கள் எப்போதும் முதல் வடிவத்தையே எடுக்கிறார்கள். கட்டடம் இடிந்தது. மலை சரிந்தது. வீடுகள் சேதமடைந்தன. உதவி தாமதமானது.

1993 டிசம்பர் 11 அன்று உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் குடியிருப்பின் முதல் கட்டடம் விழுந்தது. 48 பேர் இறந்தார்கள். பின்புற மலைச்சரிவையும் அதன் நீர் வடிந்த வழியையும் கையாண்ட விதம் நீதிமன்றத்தில் அலசப்பட்டது. 2000-இல் உயர் நீதிமன்ற நீதிபதி ஜேம்ஸ் ஃபூங், மேம்பாட்டாளர், கட்டடக் கலைஞர், பொறியாளர் ஆகியோரின் கவனக்குறைவை வரிசையாகச் சுட்டினார். அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகமும் அந்த வரிசையில் இருந்தது. 2006-இல் கூட்டரசு நீதிமன்றம் சட்டப் பாதுகாப்பைக் காட்டி அதை விடுவித்தது. இவை எல்லாம் பொது ஆவணம். எழுதினால் எந்த வழக்கும் வராது. ஆனாலும் ஆண்டுதோறும் டிசம்பரில் வரும் நினைவுக் கட்டுரைகளில் கட்டடம் தானாகவே 'இடிந்து விழுகிறது'. மண் 48 உயிர்களைக் 'காவு வாங்குகிறது'. காவு என்பது தெய்வத்துக்குக் கொடுப்பது. மலைச்சரிவில் வடிகாலைச் சரியாக அமைக்காத மனிதர்களின் தவறை எழுதவேண்டிய இடத்தில், பலி கேட்கும் ஒரு காவல் தெய்வத்தை நிறுத்துகிறோம். இது வெறும் நடைப் பிழை என்று என்னால் விட்டுவிட முடியவில்லை.

2021 டிசம்பர் வெள்ளத்தில் இந்தப் பழக்கம் இன்னும் ஒரு படி இறங்கியது. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் வீட்டுக் கூரைமேலும் மாடியிலும் சோறு தண்ணீர் இல்லாமல் காத்திருந்தார்கள். அரசுப் படகுகளுக்கு முன்பே தன்னார்வலர்களின் படகுகள் வந்து சேர்ந்ததாக அவர்களே சொன்னார்கள். அதிகாரிகள் நூறு ஆண்டுக்கு ஒருமுறை பெய்யும் மழை என்றார்கள். அன்றைய பிரதமர் இஸ்மாயில் சப்ரியோ மீட்புப் பணியில் பலவீனம் இருந்ததை மறுக்கவில்லை. பிரதமர் ஒப்புக்கொண்டதைக்கூட நம் வாக்கியங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. 'இயற்கைப் பேரிடர் தாக்கியது' என்றே எழுதினோம். இங்கே 'தாக்கியது' என்ற வினை வந்துவிட்டதே என்று சிலர் கேட்கலாம். தாக்கியது யார்? பேரிடர். செய்தவன் நிற்க வேண்டிய இடத்தில் விளைவின் பெயரே எழுவாயாக ஏறி உட்கார்ந்துகொண்டது. நாடு முழுதும் 610 கோடி ரிங்கிட் இழப்பு என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்ட அந்த வெள்ளத்தில், தாழ்நிலத்தில் வீடு கட்ட அனுமதித்தவர், நீர் வெளியேற வழி பார்க்காதவர், படகு அனுப்பத் தாமதித்தவர் என ஒருவர்கூட எந்த வாக்கியத்திலும் எழுவாயாகவில்லை.

நடந்த அன்றே யாரையும் குற்றம் சாட்ட முடியாது, அவதூறு வழக்கு வரும் என்று பத்திரிகை நண்பர்கள் சொல்கிறார்கள். முதல் நாளுக்கு இதை ஏற்கிறேன். 2025 ஏப்ரல் 1 அன்று புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் 'வெடித்தது' என்றுதான் எழுத வேண்டும். விசாரணையும் நாசவேலையோ அலட்சியமோ இருந்ததற்கான சான்றில்லை என்றே முடித்தது. ஆனால் தீர்ப்பு வந்த பின்னும், ஒப்புதல் வந்த பின்னும் அதே தன்வினையில் எழுதுவதற்கு வழக்குப் பயம் காரணமாகாது.

நமக்குப் பிறவினை தெரியாததும் அல்ல. 2007 அக்டோபர் 30 அன்று, தீபாவளிக்குச் சில நாள் முன்பு, ஷா ஆலாம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயிலை இடித்தபோது ஊரே 'கோயில் உடைப்பு' என்றது. 'கோயில் உடைவு' என்று யாரும் சொல்லவில்லை. உடைத்தவர் யார் என்று எல்லாரும் கேட்டார்கள். அந்தக் கோபம் நவம்பர் 25 அன்று இந்தியர்கள் உரிமை கேட்டுத் திரண்ட பேரணிவரை போனது. நம்மைச் சுட்ட இடத்தில் வினை தானாகவே திருந்துகிறது. பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே ஊழியர்களுக்கெனக் கட்டிய ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் குடியிருப்பு பற்றி எழுதும்போதோ, அது 'மறைந்துவிட்டது' என்று ஏங்குகிறோம். வீடுகள் மறையவில்லை. இயந்திரம் கொண்டுவந்து இடித்தார்கள்.

பத்திரிகை ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: புதிய சொல் தேடுவதைச் சில காலம் நிறுத்தி வைக்கலாம். அடுத்த டிசம்பர் 11 அன்று ஹைலண்ட் டவர்ஸ் பற்றி எழுதும்போது, தீர்ப்பு பெயர் சுட்டியவர்களை எழுவாயாக வைத்து ஒரு பத்தியாவது வெளியிடுங்கள்.