அளவு நூலும் கல்லிற் பொறித்த பெயரும்
சிதம்பரக் கோபுரச் சிற்பங்களைக் குறித்து ஒரு திறனாய்வு

வெள்ளாற்றங்கரையில் அமைந்த புவனகிரி, சிதம்பரத்திற்கு வடமேற்கே சில கல் தொலைவில் உள்ளது. அவ்வூரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் ஊழியம் செய்யும் போதகர் எவரும் சிதம்பரத்தின் நான்கு கோபுரங்களைக் காணாமல் இருக்க இயலாது. எனினும் அக்கோபுரங்களின் சிற்பங்களைக் குறித்து நம் பிரசங்க பீடங்களும் வகுப்பறைகளும் பெரும்பாலும் மௌனமாகவே இருந்து வருகின்றன.

மௌனத்தைக் கலைப்போர் இரு திறத்தார். ஒரு சாரார் பத்துக் கட்டளைகளை நினைவூட்டி, சிற்பம் என்பது விக்கிரகம், விக்கிரகம் அருவருப்பு எனக் கூறிக் கடந்து போவர். மற்றொரு சாரார், இது கலை, சமயத்திற்கு அப்பாற்பட்டது எனக் கூறிப் போற்றுவர். முதல் சாரார் வேலைப்பாட்டைக் காண்பதில்லை. இரண்டாம் சாரார் அதனைச் சூழ்ந்து வாழ்ந்த மக்களைக் காண்பதில்லை. இவ்விரண்டும் பார்வைக் குறைவே என்பது நம் துணிபு. ஆகவே முதலில் சிற்பியின் செயலையும், பின்னர் அதன் சமுதாய நிலையையும், இறுதியில் வேதாகமத்தின் தீர்ப்பையும் ஆராய்வோம்.

சிற்பி செய்தது யாது?

கோபுரத்தின் கீழ்ப்பகுதி கருங்கல்லால் ஆனது. மேல்நிலைகள் செங்கல்லாலும் சுதையாலும் எழுப்பப்பட்டவை. இவ்வேறுபாட்டை அறியாமல் சிற்பத்தை மதிப்பிடுவது தவறு. சுதை உருவங்கள் குடமுழுக்குத் தோறும் செப்பனிடப்பட்டு வண்ணம் தீட்டப்படுபவை. 2015-ஆம் ஆண்டுக் குடமுழுக்கையொட்டியும் அவ்வாறே நடந்தது. கல்லிலோ பழைய சிற்பியின் உளி பட்ட இடத்தை இன்றும் காணலாம். தெருவில் நின்று அண்ணாந்து பார்ப்பவர் சுதையைக் காண்கிறார். வாயிலினுள் நுழைந்து பக்கச் சுவர்களை நோக்குபவரே கல்லைக் காண்கிறார்.

அச்சுவர்களில்தான் புகழ்பெற்ற கரணச் சிற்பங்கள் உள்ளன. நாட்டிய சாஸ்திரம் கூறும் கரணங்கள் 108. கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் ஒவ்வொரு கரணத்திற்கும் உரிய சாஸ்திர வரிகள் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளத்திலும் கரணங்கள் உண்டு. ஆங்கு ஆடுபவர் சிவபெருமான். 81 மட்டுமே செதுக்கப்பட்டு, எஞ்சிய 27 கற்கள் வெறுமையாக விடப்பட்டன. சிதம்பரத்தில் ஆடுபவர் பெண். தஞ்சையில் தெய்வத்தின் ஆட்டமாக இருந்தது ஈண்டு மானிட உடலின் ஆட்டமாகி விடுகிறது. இம்மாற்றம் சிறிதன்று.

கரணம் என்பது அசைவு, கல்லோ அசையாதது. கையும் காலும் இடையும் ஒருங்கே இயங்கி முடியும் ஓர் ஆட்டக்கூற்றில் எக்கணத்தைச் செதுக்குவது? தொடக்கத்தையா, நடுவையா, முடிவையா? இவ்வினாவுக்குச் சிற்பி ஒவ்வொரு பலகையிலும் விடை காண வேண்டியிருந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இக்கரணங்களை ஆராய்ந்த பத்மா சுப்ரமணியம், இவை நின்ற நிலைகள் அல்ல, இயக்கங்களே என வலியுறுத்தினார். அக்கருத்தை ஏற்றுப் பார்ப்போருக்குச் சிற்பியின் அருமை புலனாகும். முழங்கால் மடிந்த அளவு, இடுப்புச் சாய்ந்த பக்கம், விரல் நோக்கிய திசை ஆகியவற்றால், கடந்து போன அசைவையும் வரவிருக்கும் அசைவையும் அவர் உணர்த்துகிறார். பலகைகள் அனைத்தும் ஒரே தரத்தன அல்ல என்பதையும் கூறவேண்டும். சிலவற்றில் உடல் சதுரத்தினுள் நெருக்குண்டு நிற்கிறது; இலக்கணம் நிறைவேறுகிறது, ஆட்டம் பிறக்கவில்லை. சிறந்தவற்றிலோ இலக்கணம் மறைந்து ஆட்டமே நிற்கிறது.

பெயர் பெற்ற நால்வர்

வடக்குக் கோபுரத்தைத் தம் கலிங்க வெற்றிக்குப் பின் எழுப்பியவர் விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் எனக் கல்வெட்டுக் கூறும். அரசரின் உருவமும் அங்கே மாடத்தில் உள்ளது. கட்டுவித்தோர் தம் உருவத்தை நிறுவுவது எங்கும் காணும் வழக்கமே. ஆயின் அதே கோபுரத்தில் கட்டியோரின் உருவங்களும் உள்ளன என்பதே வியப்பு. விருத்தகிரி எனப்படும் விருத்தாசலத்தைச் சேர்ந்த ஆசாரியர் ஒருவர், அவர் மகன் விசுவமுத்து, மற்றோர் ஆசாரியர், அவர் தம்பி காரணாசாரி என நால்வர் பெயரோடு செதுக்கப்பட்டுள்ளனர். அளவுகோலும் அளவு நூலும் அவர்களோடு காட்டப்பட்டுள்ளன. தந்தையும் மகனும், தமையனும் தம்பியுமாகக் கைத்தொழில் குடும்பத்தில் வழிவழி வந்ததை அவ்வுருவங்களே சான்று பகர்கின்றன.

இந்தியச் சிற்பி பெயரற்றவர், தன்னை மறைத்துக் கொண்டவர் என்று பலரும் எழுதியுள்ளனர். அக்கூற்றை முழுமையாக ஏற்க இயலாது என்பதற்கு இந்நால்வரும் சாட்சிகள். நமக்கு இது புதியதாகத் தோன்ற வேண்டியதில்லை. ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்த பெசலெயேலையும் அகோலியாபையும் வேதாகமம் பெயர், தந்தை பெயர், கோத்திரம் ஆகியவற்றோடு குறிக்கிறது (யாத். 31:1-11). தேவ ஆவியால் நிரப்பப்பட்டவராக அங்கே கூறப்படுபவர் தீர்க்கதரிசியோ அரசரோ அல்லர். பொன்னிலும் வெண்கலத்திலும் கல்லிலும் மரத்திலும் வேலை செய்யும் கைவினைஞர்.

கண்டவர் யார்?

இங்கே கலைப் போற்றுநரிடம் ஒரு வினாவை எழுப்புகிறோம். கரணச் சிற்பங்கள் இருப்பது வாயிலின் உட்சுவரில். வாயிலைக் கடக்க உரிமையற்றவர் அவற்றைக் கண்டதெங்ஙனம்? ஆதனூர் நந்தனார் தில்லையின் எல்லையில் ஏங்கி நின்றதையும், தீயில் மூழ்கியே உட்புகுந்ததையும் சைவ மரபே கூறுகிறது. சென்னை மாகாணத்தில் 1939-லும் 1947-லும் இயற்றப்பட்ட ஆலய நுழைவுச் சட்டங்களின் பின்னரே அவர் குலத்தாருக்குச் சட்டப்படி வழி திறந்தது. நம் தென்னார்க்காட்டுச் சபைகளில் அமர்ந்திருப்போருள் பெரும் பகுதியினர், முன்னோர்கள் அவ்வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். "இது நம் அனைவரின் கலைச்செல்வம்" என்று அவர்களிடம் எளிதாகச் சொல்லிவிட முடியாது. யாருடைய கண்களுக்கு மறுக்கப்பட்டது என்பதைக் கூறாத கலைத் திறனாய்வு பாதித் திறனாய்வே.

அதனால் கோயிலை மட்டும் குற்றஞ்சாட்டி நாம் தப்பிவிட முடியாது. 1833-இல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன் சபையினின்று சாதி வேற்றுமையை அகற்றும்படி கட்டளையிட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் எழுந்த எதிர்ப்பு திருச்சபை வரலாற்றில் பதிந்துள்ளது. சிற்பமில்லாத வெள்ளைச் சுவர்களுக்குள்ளும் தீண்டாமை வாழ்ந்தது. உருவத்தை நீக்கிய இடத்தில் நீதி தானாகக் குடியேறி விடுவதில்லை.

ஏசாயாவின் கண்

இனி முதல் சாராரிடம் வருவோம். விக்கிரகம் செய்வோரைக் கண்டிக்க அவர்கள் பெரிதும் எடுத்தாளும் பகுதி ஏசாயா 44. அதனை நிதானமாக வாசித்தால் ஓர் உண்மை புலப்படும். தீர்க்கதரிசி தொழிற்கூடத்தை உற்று நோக்கியவர். கொல்லன் கரிநெருப்பில் உழைப்பதையும், பசியால் வலுவிழந்து தண்ணீரின்றி இளைப்பதையும் அவர் அறிவார். தச்சன் நூல் பிடித்து அளந்து, கோடிட்டு, கவராயத்தால் வரைவதையும் அறிவார். சிதம்பரத்தில் பெருமையோடு செதுக்கப்பட்ட அதே அளவு நூல் ஏசாயாவின் ஏளனத்திலும் இடம்பெறுகிறது! ஆனால் ஏளனம் நூலின் மேல் அன்று. ஒரே மரத்தின் பாதியால் குளிர்காய்ந்து, மறுபாதியிடம் இரட்சிப்பை வேண்டும் நம்பிக்கையின் மேல் அது பாய்கிறது.

மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்தின் வரலாறும் இதையே கற்பிக்கிறது. கட்டளைப்படி செய்யப்பட்டு மக்களுக்கு உயிர் தந்த அவ்வுருவம், பிற்காலத்தில் தூபம் பெற்றபோது எசேக்கியாவால் உடைக்கப்பட்டது (2 இராஜா. 18:4). செய்தபோது அது கீழ்ப்படிதல், வழிபட்டபோது பாவம். வேலைப்பாடு மாறவில்லை, மனிதர் அதனிடம் வைத்த உறவே மாறியது. ஆகவே கோபுரச் சிற்பத்தின் முன் வணங்காதிருப்பது நம் விசுவாசம். அதனைச் செய்தவரின் கைத்திறனை மதியாதிருப்பதோ விசுவாசம் அன்று, அறியாமை.

நம் கடன்

இறையியல் மாணவர் சிதம்பரத்திற்குச் செல்லும்போது மூன்று வினாக்களைக் கொண்டு செல்லட்டும். இதனைச் செய்த கை எத்தகையது? இதனைக் காண எவர் அனுமதிக்கப்படவில்லை? இதன்மேல் மனிதர் வைத்த நம்பிக்கை யாது? மூன்றையும் சேர்த்துக் கேட்பதே கிறிஸ்தவத் திறனாய்வு. ஒன்றை விட்டாலும் பார்வை கோணலாகும்.

பின்னர் தம் சொந்த ஆலயத்தின் முகப்பிற்கு வந்து அங்குள்ள சலவைக்கல்லையும் வாசிக்கட்டும். அதில் அடிக்கல் நாட்டிய பேராயரின் பெயர் இருக்கும். பிரதிஷ்டை செய்தவர் பெயர் இருக்கும். நன்கொடை அளித்தோர் பெயர்கள் தொகையோடு இருக்கும். சுவர் எழுப்பிய கொத்தனார், கதவு இழைத்த தச்சர், பீடத்திற்குக் கல் செதுக்கியவர், கலவை சுமந்த பெண்கள் ஆகியோரின் பெயர்களை எத்தனை ஆலயங்களில் காண்கிறோம்? பெசலெயேலின் பெயரை ஞாயிறு பள்ளியில் கற்பிக்கும் நாம், நம் பெசலெயேல்களைக் கூலி கொடுத்து அனுப்பிவிட்டு மறந்து போகிறோம். அரசர் கட்டுவித்த கோபுரமே நால்வரின் பெயரைக் காத்து வைத்திருக்கிறது. தச்சரின் மகனை ஆண்டவராக அறிக்கையிடும் சபை அதனினும் குறைவாகச் செய்வது தகுமோ?