நடுத்தர ரிவால்வரும் கையால் நிரப்பிய தோட்டாவும்

அமெரிக்கத் துப்பாக்கி ஆர்வலர்களில் ஒரு பிரிவினர் தனித்துத் தெரிவார்கள். பதினைந்து தோட்டா கொள்ளும் புதிய பிஸ்டல்கள் கடையெங்கும் நிறைந்திருக்க, அவர்கள் தேடிப் போவது ஆறு தோட்டா மட்டுமே கொள்ளும் பழைய ரிவால்வரை. அதிலும் கைக்கு அடங்கும் நடுத்தர அளவு ரிவால்வரை. தோட்டாவையும் பெரும்பாலும் அவர்கள் கடையில் வாங்குவதில்லை. சுட்டபின் மிஞ்சும் பித்தளை உறையை எடுத்துவந்து, புதுப் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் தீமூட்டி) பொருத்தி, வெடிமருந்தை அளந்து கொட்டி, ஈயக் குண்டை அழுத்தித் தாமே செய்துகொள்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனக்குப் பிடித்த ஒரு கலவை இருக்கும். இன்ன குண்டு, இன்ன மருந்து, இத்தனை கிரெய்ன் என்று அதைப் பெருமையோடு சொல்வார்கள்.

இந்தப் பற்றில் மதிக்கத்தக்க அறிவும் உண்டு, கைவிட வேண்டிய பிடிவாதமும் உண்டு. மிதமான தோட்டாவோடு நிற்கும்வரை இப்பழக்கம் நுட்பமான கைத்தொழில். அதன் பெரிய குறைகள் இரண்டு இடங்களில் பிறக்கின்றன: துப்பாக்கி தாங்கும் எல்லையைத் தாண்டத் துடிக்கும் ஆசையில் ஒன்று, மூத்தவர் சொன்ன அளவைச் சோதிக்காமல் நம்புவதில் மற்றொன்று.

நெடுங்காலம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் தன் ரிவால்வர்களின் உடற்சட்டங்களை எழுத்துகளால் வகைப்படுத்துகிறது. சிறியது ஜே, பெரியது என், நடுத்தரம் கே. 1899-இல் வந்த 'மிலிட்டரி அண்ட் போலீஸ்' ரிவால்வர்தான் கே வரிசையின் முன்னோடி. 1957-இல் நிறுவனம் மாடல்களுக்கு எண் கொடுக்கத் தொடங்கியபோது அது 'மாடல் 10' ஆயிற்று. இன்றுவரை 60 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட ரிவால்வர் அது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்கக் காவலரின் இடுப்பில் இருந்தது பெரும்பாலும் இதுவோ, இதற்குப் போட்டியான கோல்ட் நிறுவனத்தின் 'அஃபிஷியல் போலீஸோ'தான்.

நூறாண்டு கடந்தும் இந்த அளவுக்கு மவுசு குறையாததற்குத் திடமான காரணம் உண்டு. ஜே சட்டம் கைக்குள் காணாமல் போகும் அளவுக்குச் சிறியது. அதன் உதைப்பு கூர்மையானது, குறி வைப்பதும் கடினம். என் சட்டம் கனமானது. சராசரிக் கையின் விரல் அதன் விசையை எட்டச் சிரமப்படும். கே சட்டம் பெரும்பாலான கைகளுக்குப் பொருந்துகிறது. நான்கு அங்குலக் குழலோடு ஏறத்தாழ ஒரு கிலோ எடை. இடுப்பில் நாள் முழுக்கச் சுமக்கவும் முடியும், உதைப்பை அடக்கவும் போதும். நன்கு பொருத்தப்பட்ட பழைய கே ரிவால்வரில் விசையை இழுக்கும்போது சிலிண்டர் சுழன்று பூட்டிக்கொள்வதும், சுத்தி பின்சென்று விடுபடுவதும் தடங்கலில்லாத ஒரே அசைவாக நடக்கும். பழக்கமுள்ள தொழிலாளி ஒவ்வொரு பாகத்தையும் அரத்தால் தேய்த்துப் பொருத்திய காலத்தின் தரம் அது.

ஆனால் எல்லாப் பழமையும் தரமாகிவிடாது. குழலைச் சட்டத்தோடு பிணைக்கும் சிறு ஆணி 1980-களின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. அந்த ஆணி உள்ள துப்பாக்கிக்கு ஆர்வலர்கள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். குறி தவறாமைக்கும் அந்த ஆணிக்கும் சம்பந்தமில்லை. சேகரிப்பாளருக்கு அது காலத்தைக் காட்டும் அடையாளம், அவ்வளவே. சுடுவதற்கு வாங்குபவர் பார்க்க வேண்டியது வேறு: சிலிண்டர் ஒவ்வொரு அறையிலும் குழலுக்கு நேராக நிற்கிறதா, முன்பின் ஆடுகிறதா, குழலின் பின்வாயில் கீறல் உண்டா என்பவை.

இந்த ரிவால்வரும் .38 ஸ்பெஷல் தோட்டாவும் ஒரே காலத்தில் பிறந்தவை. கருமருந்தின் காலம் முடியும் தறுவாயில் வந்ததால் தோட்டாவின் உறை நீளமானது. பழைய மருந்துக்கு அத்தனை இடம் தேவைப்பட்டது. புகையற்ற மருந்து வந்தபின் அதில் சிறு பங்கே போதுமானதாயிற்று. இந்தத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறை விதித்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. இன்றைய அளவுகோலில் இது குறைவு. அந்தக் குறைவுதான் கே ரிவால்வரைத் தலைமுறை கடந்தும் உழைக்க வைத்தது.

கைநிரப்புவோரின் மிகச் சிறந்த சாதனையும் இங்கேதான் இருக்கிறது. 148 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 9.6 கிராம் எடையுள்ள, தலை தட்டையான ஈயக் குண்டு. வாட்கட்டர் என்பார்கள், தாளில் கிழிசலின்றி வட்டமாகத் துளையிடும், புள்ளி எண்ணுவது எளிது. அதன் பின்னால் புல்ஸ்ஐ என்னும் மருந்து 2.7 கிரெய்ன். ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. 25 கெஜம், 50 கெஜம் குறிசுடும் போட்டிகளில் பல தலைமுறைகள் நம்பிய கலவை இது. உதைப்பு மிகக் குறைவு. குழலில் தேய்மானமும் இல்லையென்றே சொல்லலாம். ஒரே பித்தளை உறையைப் பலமுறை நிரப்பலாம். புதிதாகக் கற்பவர் அதிர்ச்சிக்குப் பயந்து கண்ணை மூடாமல் விசையை இழுக்கப் பழகுவதும் இதில்தான்.

கைநிரப்பல் கற்றுத்தரும் ஒழுக்கத்தையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. உறையை அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவருவது, வாயை இம்மியளவு விரிப்பது, மருந்தைத் தராசில் நிறுப்பது, குண்டைக் குறித்த ஆழத்தில் அமர்த்துவது, விளிம்பை மடித்து இறுக்குவது என ஒவ்வொரு படியிலும் காரணமும் விளைவும் கண்முன் நிற்கின்றன. விளிம்பு சரியாக இறுகாவிட்டால், ஒரு தோட்டா வெடிக்கும் உதைப்பில் மற்ற அறைகளில் உள்ள குண்டுகள் முன்னால் நழுவிச் சிலிண்டரைச் சுழலவிடாமல் தடுக்கும். பிரைமர் சற்றே வெளியே நீட்டியிருந்தாலும் சிலிண்டர் உரசி நிற்கும். ஈயம் மென்மையாகவோ குண்டு சிறுத்தோ இருந்தால் குழலில் ஈயம் படியும். கடைத் தோட்டாவை மட்டுமே சுடுபவருக்கு இந்த அறிவு வாய்ப்பதில்லை. 2020-21இல் அமெரிக்காவில் தோட்டாப் பஞ்சம் வந்தபோது, பிரைமரும் மருந்தும் முன்பே சேர்த்துவைத்திருந்தவர்களால் பயிற்சியை நிறுத்தாமல் தொடர முடிந்தது.

சிக்கல் வேகத்தின் மீதான மோகத்தோடு தொடங்குகிறது. 1935-இல் ஸ்மித் அண்ட் வெஸன் .357 மேக்னத்தைக் கொண்டுவந்தது. .38 உறையை ஏறத்தாழ 3.4 மில்லிமீட்டர் நீட்டி, அழுத்தத்தை இருமடங்காக்கிய தோட்டா. பலவீனமான .38 துப்பாக்கிக்குள் அது தவறியும் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த நீட்சி. முதலில் அதைச் சுமந்தது பெரிய என் சட்டம். எல்லைக் காவல் படையைச் சேர்ந்த பில் ஜோர்டான், நாள் முழுக்கச் சுமக்க அது கனம் என்று கருதி, அதே தோட்டாவை நடுத்தரச் சட்டத்தில் கேட்டார். 1955-இல் 'காம்பாட் மேக்னம்' பிறந்தது; பின்னாளில் அதுவே மாடல் 19. பயிற்சிக்கு .38, பணிக்கு .357 என்பது அதன் அடிப்படை எண்ணம். நிறையச் சுடுவது மென்மையானதை. வன்மையானதைச் சுடுவது அரிதாக. இந்தப் பங்கீடு இருந்தவரை மாடல் 19 நன்றாகவே நின்றது.

1970 ஏப்ரலில் கலிபோர்னியாவின் நியூஹாலில் நெடுஞ்சாலைக் காவலர் நால்வர் சில நிமிடங்களில் சுட்டுக் கொல்லப்பட்டனர். மென்மையான .38 தோட்டாவில் பயின்றவர்கள் பணியில் .357 ஏந்துவது சரியா என்ற கேள்வி அதன்பின் பலமாக எழுந்தது. பணியில் ஏந்தும் தோட்டாவிலேயே பயில வேண்டும் என்ற கொள்கை காவல் துறைகளில் பரவியது. காவலரின் உயிரை நினைத்தால் அது நியாயமான முடிவு. ஆனால் அரிதாகச் சுட வேண்டியதை நடுத்தரச் சட்டம் இப்போது ஆயிரக்கணக்கில் சுட நேர்ந்தது. கூடவே 125 கிரெய்ன் எடையுள்ள இலகுவான, அதிவேகக் குண்டுகளும் புழக்கத்துக்கு வந்தன.

அக்காலக் கே சட்டத்தில் இடம் போதாமையால் குழலின் பின்வாயின் அடிப்பகுதி தட்டையாகச் சீவப்பட்டிருந்தது. அந்த இடத்தில் உலோகம் மெல்லியது. இலகுவான குண்டோடு எரியும் மருந்தின் வெப்பமும் வேகமும் அங்கேதான் மோதின; அங்கேதான் பிளவும் விழுந்தது. 1980-களின் தொடக்கத்தில் நிறுவனம் சற்றே பெரிய எல் சட்டத்தைக் கொண்டுவந்தது அந்தக் குறைக்கு விடையாகத்தான். வடிவமைத்தவர்களே ஒப்புக்கொண்ட எல்லை இது. அப்படியிருந்தும், தன் மாடல் 19 எதையும் தாங்கும் என்று நெஞ்சு நிமிர்த்தும் ஆர்வலர் இன்றும் உண்டு. அவர் துப்பாக்கி இதுவரை பிளக்கவில்லை என்பது அதற்கான சான்று ஆகாது. பிளந்தால் மாற்றப் பழைய குழல் எளிதில் கிடைப்பதும் இல்லை.

அடுத்த குறை, பெயர் சொல்லிக் கைமாறும் கலவைகள். எல்மர் கீத், ஸ்கீட்டர் ஸ்கெல்டன் போன்ற எழுத்தாளர்கள் அமெரிக்கக் கைநிரப்பலை வளர்த்தவர்கள். கீத் வகுத்த குண்டு வடிவம் இன்றும் வார்க்கப்படுகிறது. அவர்களுடைய அனுபவம் உண்மையானது. ஆனால் அவர்கள் வன்மையான அளவுகளைச் சோதித்தது தங்கள் துப்பாக்கிகளில், தங்கள் காலத்து மருந்தில், பெரும்பாலும் அழுத்தம் அளக்கும் கருவி இல்லாமல். பிறர் உடம்புக்கு ஒத்துக்கொண்ட மருந்துச் சீட்டை வாங்கித் தன் வீட்டில் அப்படியே கொடுப்பதற்கு ஒப்பானது அந்த அளவுகளை இன்று எடுத்தாள்வது. அழுத்தத்தை அளக்கும் முறை, செம்புத் துண்டு நசுங்குவதைப் பார்ப்பதிலிருந்து மின்னணு உணரிக்கு மாறியபின் கையேடுகளின் உச்ச அளவுகள் பல இடங்களில் குறைந்தன. இதை வக்கீல்களின் பயம் என்று ஒதுக்குவது ஆர்வலர் வழக்கம். முன்பு காணமுடியாத அழுத்தம் இப்போது காணக் கிடைக்கிறது என்ற விளக்கமே பொறுப்பானது.

இதில் மிகக் கொடியது, .38 உறைக்குள் மேக்னம் அளவு வேகத்தைத் திணிப்பது. பெரிய சட்டத் துப்பாக்கிக்கென்று கீத் காலத்திலிருந்தே இத்தகைய தோட்டாக்கள் நிரப்பப்பட்டன. நிரப்பியவருக்கு அது எதற்கென்று தெரியும். ஆனால் பெட்டி கைமாறும். எழுதி ஒட்டிய தாள் கிழியும். அவர் இறந்தபின் மகன் அதை எடுப்பான். உறை .38 ஆகையால் 1920-களின் மிலிட்டரி அண்ட் போலீஸ் ரிவால்வருக்குள்ளும் அது சிக்கலின்றி நுழையும். .357 உறையை நீட்டியதன் நோக்கத்தையே இந்தப் பழக்கம் முறியடிக்கிறது. .357 துப்பாக்கிக்கான தோட்டாவை .357 உறையில் மட்டுமே நிரப்ப வேண்டும். இதில் விதிவிலக்கே கூடாது.

மென்மையான கலவையிலும் ஆபத்து இல்லாமலில்லை. 2.7 கிரெய்ன் மருந்து அந்த நீண்ட உறையின் அடியில் சிறிதளவே கிடக்கும். கவனம் சிதறி இரண்டாம் முறை கொட்டினாலும் உறை நிரம்பாது. மேலே குண்டை அமர்த்திவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. மருந்தே விழாமல் போனால் பிரைமரின் விசை குண்டைக் குழலுக்குள் தள்ளி நிறுத்திவிடும்; அடுத்த தோட்டா அதன்மீது மோதும்போது குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். நிரப்பிய உறைகளை வரிசையாக நிறுத்தி, குண்டு வைக்கும் முன் ஒவ்வொன்றிலும் விளக்கடித்துப் பார்ப்பதே இதற்குத் தீர்வு. சத்தம் குறைவாகக் கேட்டால் சுடுவதை அங்கேயே நிறுத்திக் குழலைச் சோதிக்க வேண்டும்.

சான்றின் தரமும் கேள்விக்குரியது. ஒரு கலவையைப் புகழ்பவர் காட்டுவது பெரும்பாலும் ஒரே ஒரு தாள்: ஐந்தாறு துளைகள், நெருக்கமாக. அன்றே சுட்டுச் சிதறிய மற்றத் தாள்களை அவர் காட்டுவதில்லை. ரிவால்வருக்கு ஆறு அறைகள். ஒவ்வொன்றின் வாய்விட்டமும் நூலிழை வேறுபடலாம். ஐந்து குண்டுகளில் தற்செயலும் திறமையும் கலந்தே இருக்கும். பல அறைகளில், பல நாள்களில், நிறையச் சுட்டுச் சராசரி பார்த்தால்தான் கலவையின் குணம் தெரியும்.

ஈயத்தைப் பற்றிப் பேசாமல் இந்த மதிப்பீடு முடியாது. வீட்டில் ஈயம் உருக்கிக் குண்டு வார்ப்பதும், பிரைமர் கசடு படிந்த உறைகளைக் குலுக்கித் துலக்குவதும் நச்சுத் தூசியைக் கிளப்பும். அதன் முதல் பலி அந்த வீட்டுக் குழந்தைதான். சமையலறையில் ஈயம் உருக்குவதைப் பழங்கால எளிமை என்று பாராட்ட இடமில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கும் மேல் தற்கொலைகள். எவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்டாலும் ரிவால்வர் உயிரெடுக்கும் கருவி. அதன் வேலைப்பாட்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் ஒருவர், அதைப் பூட்டிவைப்பதைப் பற்றி ஒரு வாக்கியம்கூடப் பேசாவிட்டால் அவருடைய அக்கறை அரைகுறையானது.

தொகுத்துச் சொன்னால், நடுத்தர ரிவால்வர் மீதான விருப்பத்துக்குக் கை அமைப்பும் பொறியியலும் நியாயம் சொல்கின்றன. மிதமான .38 தோட்டாவைக் கவனத்தோடு நிரப்புவது நல்ல கைத்தொழில். சுடுபவரையும் துப்பாக்கியையும் ஒருசேரக் காப்பது. வன்மையான கலவைகள் மீதான மோகத்துக்கு அப்படி எந்த நியாயமும் இல்லை. அந்த வேகம் வேண்டுமென்றால் அதற்கென்றே பெரிய சட்டங்கள் இருக்கின்றன. இந்தக் கலையைப் பழகுபவர்கள் அண்மைக் காலக் கையேட்டை எடுத்து, அதன் தொடக்க அளவிலிருந்து தொடங்கட்டும். மூத்தவர்களின் பெயரைப் போற்றட்டும்; அவர்களுடைய அளவுகளைத் தராசிலும் அழுத்தமானியிலும் சோதித்துப் பார்க்காமல் ஒருபோதும் ஏற்க வேண்டாம்.