மீன் கரு தரும் நற்சான்று

மூலிகை மருந்தைப் பற்றி யாராவது ஐயம் எழுப்பினால், இப்போதெல்லாம் பதிலுக்கு ஜீப்ரா மீனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். மீன் கருவில் சோதித்தாயிற்று, ஒன்றும் ஆகவில்லை, ஆகவே மருந்து பாதுகாப்பானது. ஆய்வேடுகளில் இருந்த இந்த வாதம் மெல்ல விற்பனைப் பேச்சுக்கும் வந்துவிட்டது.

சோதனையின் அருமையை மறுக்கவில்லை. சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மீன். ஒரு பெண்மீன் ஒரே காலையில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். 24 குழித் தட்டில் குழிக்கு ஒரு கருவை விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், இதயம் துடிப்பது வெளியிலிருந்தே தெரியும். செத்த கரு வெளுத்துத் திரிந்துபோகும். மனித மரபணுக்களில் சுமார் 70 விழுக்காட்டுக்கு இதனிடம் இணை உண்டு. ஆடுதீண்டாப்பாளையில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் இந்தக் கருவின் சிறுநீரகத்தைச் சிதைப்பதையும் காட்டியிருக்கிறார்கள். கொடிய நஞ்சை நாலு நாளில் காட்டிக்கொடுக்கும் சோதனை, சந்தேகமில்லை.

மீன் கருவின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வதுதான் எனக்கு ஒப்பவில்லை.

சீந்திலை எடுத்துக்கொள்வோம். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று வீட்டுக்கு வீடு சாப்பிட்டார்கள். கல்லீரல் பாதிப்போடு வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். பிறகு 13 மையங்கள் சேர்ந்த ஆய்வு 43 பேரைக் கணக்கில் கொண்டுவந்தது. பலருக்கு, உடலின் எதிர்ப்பாற்றலே தன் கல்லீரலைத் தாக்கும் வகை. செடி மாறிப்போயிருக்கும் என்றது ஆயுஷ் அமைச்சகம். அந்த வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். இப்படியொரு பாதிப்பை மீன் கரு முன்கூட்டிச் சொல்லியிருக்குமா? சொல்லியிருக்காது. பழகி, நினைவில் வைத்துத் தாக்கும் எதிர்ப்பாற்றல் இந்த மீனுக்கு முதிர நாலு முதல் ஆறு வாரம் ஆகிறது. சோதனையோ நாலைந்து நாளில் முடிந்துவிடுகிறது.

ஏன் நாலைந்து நாள்? பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான ஓஇசிடி அமைப்பு 2013இல் ஏற்ற 236ஆம் வழிகாட்டி 96 மணி நேரம் என்கிறது. அது வேதிப்பொருள் நீரில் கலந்தால் மீன் சாகுமா என்று பார்க்க எழுதப்பட்டது. தானே இரை தேடத் தொடங்காத கருவை ஐரோப்பியச் சட்டம் சோதனை விலங்காக எண்ணுவதில்லை. அந்தச் சலுகையும் ஏறக்குறைய ஐந்தாம் நாளோடு முடிகிறது. ஆக, கெடுவை வைத்தது சட்டமும் சௌகரியமும். மூன்று மாதம் லேகியம் சாப்பிடப் போகிறவரை அங்கே யார் நினைத்தார்கள்?

அந்தக் கரு மருந்தைக் குடிப்பதும் இல்லை, அதில் ஊறுகிறது. நாம் பொடியைத் தண்ணீரில் காய்ச்சி, வற்றவைத்துக் குடிக்கிறோம். அது குடலையும் கல்லீரலையும் கடந்து உருமாறுகிறது. ஆய்வகத்திலோ பெரும்பாலும் ஆல்கஹாலில் சாறெடுத்து, டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, கரையாததை வடிகட்டி விடுகிறார்கள். கருவுக்குள் எவ்வளவு போனது என்று அளப்பவர் சொற்பம். உள்ளேயே போகாத பொருளும் ‘நஞ்சற்றது’ என்ற பெயரோடு வெளியே வரும். மில்லிலிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்ற கணக்கிலிருந்து வேளைக்கு 60 மில்லி குடிநீருக்கு எப்படித் தாவுகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கெட்டிக் கஷாயத்தில் பூஞ்சை பிடித்துக் கரு செத்தால், அந்தப் பழியும் மூலிகை மேல் விழலாம். அப்போது மட்டும் வைத்தியர்களுக்குச் சோதனையின் குறை பளிச்சென்று தெரியும்.

இவ்வளவு பலவீனமான சான்றுக்கு இத்தனை மவுசு ஏன்? இந்திய மருந்து விதிகளில் 2010இல் சேர்க்கப்பட்ட 158பி விதிப்படி, பழைய நூலில் உள்ளவாறு, அதே நோய்க்குச் செய்யும் மருந்துக்குப் பாதுகாப்பு ஆய்வே கேட்பதில்லை. கேட்காத இடத்தில் எதைக் காட்டினாலும் தாராளமாகத் தெரிகிறது. பாதுகாப்பை உண்மையில் அறிய வேண்டுமென்றால், தினமும் சீந்தில் பொடி சாப்பிடுகிறவருக்கு ஆரம்பத்தில் ஒருமுறை, ஆறு வாரம் கழித்து ஒருமுறை கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை செய்து, முடிவை எழுதி வைக்கலாம். தெருமுனை லேப் போதும், மீன் தொட்டி வேண்டாம். ஆனால் அதில் வரும் எண்கள் விளம்பரத்துக்கு உதவும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.