‘இழுவை’ என்று எழுதி வைத்தேன்

‘மெய்யழகன்’ 2024 செப்டம்பர் 27இல் வெளியானது. மூன்று மணி நேரத்துக்கு மூன்றே நிமிடம் குறைவு. முதல் வாரத்திலேயே பார்த்துவிட்டு வந்து நோட்டில் எழுதினேன்: “அரவிந்த்சாமி அருமை. இடைவேளைக்குப் பிறகு இழுவை. ஒருமுறை பார்க்கலாம்.” பார்க்கும் ஒவ்வொரு படத்துக்கும் இப்படி இரண்டு மூன்று வரி எழுதி வைப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். அந்த வாரம் ‘இழுவை’ என்ற சொல் என் நோட்டில் மட்டும் இல்லை. தியேட்டர் வாசலில், ஆபீசில், டீக்கடையில் எங்கும் அதுதான். சில நாட்களில் படத்திலிருந்து 18 நிமிடங்களுக்கு மேல் வெட்டிவிட்டார்கள்.

ஒரு மாதத்துக்குள் படம் ஓடிடிக்கு வந்தது. அப்போது எழுந்த பேச்சு வேறு மாதிரி இருந்தது. பார்த்து அழுததாகப் பலர் சொன்னார்கள், குறிப்பாக ஊரை விட்டு வந்தவர்கள். நானும் மறுபடி பார்த்தேன். பார்த்தபிறகு என் மூன்று வரியை எடுத்துப் படித்தபோது, படத்தைப் பற்றி அதில் அநேகமாக ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. அன்றிலிருந்து இந்தப் பழக்கத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். படம் பார்த்த கையோடு நாம் எல்லோரும் சொல்கிற கருத்து எதற்கு உதவும், எங்கே தவறும்?

அதை மட்டம் தட்ட எனக்கு மனம் வராது. தமிழ் சினிமாவில் பல நல்ல படங்களைக் காப்பாற்றியது இந்த வாய்ப்பேச்சுதான். ‘ஒரு தலை ராகம்’ 1980இல் புதுமுகங்களோடு வந்து, ஆரம்ப நாட்களில் கூட்டமில்லாமல் கிடந்தது. பார்த்துவிட்டு வந்த கல்லூரி மாணவர்கள் விடுதியில் சொல்லிச் சொல்லியே அதை ஒரு வருடம் ஓட வைத்தார்கள். 1999 டிசம்பரில் வந்த ‘சேது’வை வாங்க ஆளில்லாமல் இருந்தது, கடைசியில் ஒரே ஒரு நண்பகல் காட்சியாகத்தான் தொடங்கியது. அந்தக் காட்சிக்குப் போன கொஞ்சம் பேர் வெளியே வந்து பேசியதில் படம் நூறு நாள் தாண்டியது. பாலாவும் விக்ரமும் நமக்குக் கிடைத்தது அப்படித்தான். அண்மையில் ‘லப்பர் பந்து’, ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ இரண்டுக்கும் இதே கதை. ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ 2025 மே 1 அன்று சூர்யாவின் ‘ரெட்ரோ’வோடு மோதி வந்தது. “குடும்பத்தோட போங்க” என்ற இரண்டு சொல்தான் அதற்குக் கிடைத்த பெரிய விளம்பரம்.

இன்னொரு பலம், உடம்பு பொய் சொல்லாது என்பது. ‘கங்குவா’ வந்த முதல் நாளே பெரும்பாலோர் சொன்னது, “சத்தம் தாங்கல, தலை வலிக்குது.” ஒலிக்கலவை பற்றி அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிய வேண்டியதில்லை. குழம்பில் உப்புக் கரிக்கிறது என்று சொல்ல சமையல் தெரிந்திருக்க வேண்டாம். ஒலியமைப்பாளர் ரசூல் பூக்குட்டி அந்தக் குறையை எடுத்துப் பேசினார். தயாரிப்பாளரும் ஒலியளவைக் குறைக்கச் சொன்னதாக அறிவித்தார். பார்வையாளர் தன் காதுக்கு நேர்ந்ததைச் சொன்னார், அது சரியாக இருந்தது.

‘மெய்யழகன்’ விஷயத்தில் நேர்ந்ததோ வேறு. எனக்குச் சலிப்புத் தட்டியது என்பது உண்மை. ஆனால் நான் எழுதியது ‘எனக்குச் சலித்தது’ என்று அல்ல. ‘படம் இழுவை’ என்று. இந்தச் சின்ன இலக்கண மாற்றத்தில்தான் எல்லாப் பிசகும் நடக்கிறது. சலித்தது ஏன் என்று கேட்டிருந்தால் படம் தானாகத் திறந்திருக்கும்.

கதையை நினைத்துப் பாருங்கள். சொத்துத் தகராறில் 1996இல் தஞ்சாவூர் வீட்டை விட்டுப் போன அருள்மொழி, இருபத்திரண்டு வருடம் கழித்துத் தங்கை கல்யாணத்துக்கு நீடாமங்கலம் வருகிறான். வந்த இடத்தில் ஒருவன் “அத்தான்” என்று ஒட்டிக்கொள்கிறான். அவன் யாரென்று அருளுக்கு ஞாபகமில்லை. கேட்கவும் வெட்கம். சோறு பரிமாறுகிறான், பஸ்ஸைத் தவறவிட்டவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தங்க வைக்கிறான், விடிய விடியப் பேசுகிறான். பெயர் மட்டும் நினைவுக்கு வரவில்லை. இதைப் பத்து நிமிடத்தில் காட்டினால் அது ஒரு வேடிக்கைக் காட்சி. மணிக்கணக்காக நீட்டும்போதுதான் அருளுக்குள் ஏறும் குற்ற உணர்ச்சி நமக்குள்ளும் ஏறுகிறது. ‘எப்போது கேட்பான், எப்போது முடியும்’ என்று நாற்காலியில் நெளிந்தோமே, அந்த நெளிவு அருளுடையது. அவன் சொல்லிக்கொள்ளாமல் விடியலில் ஓடிப்போவது நமக்குப் புரிவதே நாம் அவ்வளவு நேரம் நெளிந்ததால்தான். நான் குறை என்று எழுதி வைத்த இடம் படத்தின் வேலையே நடந்த இடம். ஒவ்வொரு நிமிடமும் தேவை என்று வாதாட மாட்டேன். இரவுப் பேச்சில் சில திருப்பங்கள் பாடம் நடத்துவதுபோல ஆகின்றன என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் ‘இழுவை’ என்ற சொல்லுக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

நம் கையிலிருக்கும் சொற்கள் அவ்வளவு குறைவு. ‘ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே, செகண்ட் ஹாஃப் சொதப்பல்’, ‘லாஜிக் இடிக்குது’, ‘பிஜிஎம் தெறி’, ‘டைம் பாஸ்’, ‘லேக்’, ‘கிரிஞ்ச்’. இவற்றில் பாதி, படத்தை ஓட்டத்தால் மட்டும் அளப்பவை. விறுவிறுப்பாக ஓடியதா, இடையில் நின்றதா? பஸ் பயணத்துக்கு அந்தக் கேள்வி பொருந்தும். கேமரா எங்கே நின்றது, ஒரு நடிகர் பேசாதபோது முகத்தில் என்ன செய்தார் என்பதற்கெல்லாம் நம்மிடம் சொல் இல்லை. சொல் இல்லாததால் பார்வையும் அங்கே போவதில்லை. என் பழைய நோட்டுகளைப் புரட்டினால் ஒளிப்பதிவு பற்றி நான் எழுதியிருப்பது பெரும்பாலும் ‘கேமரா சூப்பர்’ என்பதுதான். எந்தக் காட்சியில் என்று எழுதியிருந்தால் இன்று எனக்கே அது எவ்வளவு பயன்பட்டிருக்கும்!

முதல் பார்வையே தவறு என்று சொல்ல வரவில்லை. அமெரிக்க விமர்சகர் பாலின் கேல், ஒரு படத்தை ஒரே முறைதான் பார்ப்பது என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தார். முதல் தடவையின் சூடு அவருக்கு அவ்வளவு முக்கியம். ஆனால் அந்தச் சூட்டை அவர் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்தார். எந்தக் காட்சி, எந்த நடிப்பு தன்னைத் தொட்டது, எது எரிச்சலூட்டியது என்று தேடினார். நாம் சூட்டோடு நிறுத்திக்கொள்கிறோம்.

ஊர்ப் பேச்சுக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. சொல்பவர் யார் என்று நமக்குத் தெரியும். எங்கள் தெருவில் ஓர் அண்ணன் எந்த ரஜினி படத்துக்கும் “அட்டகாசம்” என்பார். அவர் “பரவாயில்ல” என்றாலே படம் தேறாது என்று புரிந்துகொள்வோம். சோகப் படமே பிடிக்காத அத்தை ஒருத்தி “அழுதுட்டேன், ஆனா நல்லாருக்கு” என்றால் முதல் வேலையாக டிக்கெட் எடுப்போம். கருத்தோடு ஆளையும் சேர்த்து எடைபோட்டோம். இன்று தியேட்டர் வாசலில் மைக் முன்னால் பேசுகிறவர் யார், அவருக்கு எது பிடிக்கும், அன்று சாப்பிட்டாரா, தூங்கினாரா எதுவும் நமக்குத் தெரியாது. ஆளைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது குரலின் உரப்பு மட்டும். கொதிப்பவர் பேச்சே பரவுகிறது. “நாளைக்குச் சொல்றேனே” என்பவரின் பேச்சை யாரும் வெட்டி ஒட்டிப் போடுவதில்லை.

இதற்குத் தடை கேட்பது தீர்வாகாது. ‘கங்குவா’வுக்குப் பிறகு தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களை விடக்கூடாது என்றது. தயாரிப்பாளர்களின் இன்னொரு சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனது. கருத்துச் சுதந்திரத்தைக் காட்டி நீதிமன்றம் உடனடித் தடை தர மறுத்தது சரியானதே. கேரளத்தில், படம் வெளியான முதல் 48 மணி நேரத்துக்கு விமர்சனம் வேண்டாம் என்ற யோசனை வந்தது. ‘சேது’வின் நண்பகல் காட்சிக்கு அப்படி ஒரு விதி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

காலம் தரும் வேறொரு வசதியும் இருக்கிறது. 2003இல் ‘அன்பே சிவம்’ தியேட்டரில் தோற்றது. பிறகு டிவியில் திரும்பத் திரும்ப வந்து ஒவ்வொரு வீட்டிலும் மெல்ல இடம்பிடித்தது. ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2010 பொங்கலுக்கு வந்தபோது குழப்பம் என்று தள்ளப்பட்டது. பின்னாளில் மறுபடி தியேட்டருக்கு வந்து கொண்டாடப்பட்டது. முதல் வாரத்தில் சொன்னவர்களும் பிறகு கொண்டாடியவர்களும் பல இடங்களில் ஒரே ஆட்கள்தான். கருத்து மாறுவதில் வெட்கமில்லை. ஆனால் முதல் கருத்து மூன்றே நாளில் படத்தைத் தியேட்டரிலிருந்து தூக்க வைக்கிறது. மாறிய கருத்து வரும்போது வாங்கிக்கொள்ள அங்கே படம் இருப்பதில்லை. ‘மெய்யழகன்’ குழு எடுத்த கத்தரி அந்த அச்சத்திலிருந்து வந்தது. அந்த அச்சத்தில் என் ‘இழுவை’க்கும் ஒரு பங்கு உண்டு என்பதை நான் மறுக்க முடியாது.

இப்போது நோட்டில் எழுதும் முறையை மாற்றியிருக்கிறேன். படத்தைப் பற்றி ஒரு வரி, எனக்கு என்ன ஆனது என்று ஒரு வரி, அது எந்தக் காட்சியில் என்று ஒரு வரி. மூன்றாவது வரிதான் கஷ்டம். பல நாள் அது வெறுமையாகவே கிடக்கிறது.

இதை எனக்குக் கற்றுத் தந்தது மன்னார்குடியில் இருக்கும் என் சித்தி. ‘மெய்யழகன்’ ஓடிடியில் வந்த வாரம் போன் பண்ணி, எப்படி இருந்தது என்று கேட்டேன். நன்றாக இருந்தது, இல்லை என்று எதுவும் அவர் சொல்லவில்லை.

“நடுவுல எழுந்துபோய் மாவு கரைச்சு வச்சிட்டு வந்தேன்டா, அப்பவும் பேசிக்கிட்டுதான் இருந்தாங்க. ஆனா அந்த சைக்கிள் கதையச் சொல்றான் பாரு, விட்டுட்டுப் போன சைக்கிளால இவங்க பொழப்பே மாறிச்சுன்னு, அங்க எனக்கு எங்கப்பா வண்டி ஞாபகம் வந்துருச்சு. வித்துட்டோம் அத.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: “உனக்கு எந்த இடத்துலடா?”