கடலோட்டும் கரையிறக்கமும்: வெற்றிப்பாட்டில் மறைந்த படைஞர்

இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்திலே கண்ணகியின் சிலம்புக்காக எவரும் கடல் கடந்து போர் புரியவில்லை. ஆயின், தம்பிலுவில், காரைதீவு முதலிய ஊர்களில் வைகாசிச் சடங்கின்போது படிக்கப்படும் கண்ணகி வழக்குரையில் ‘கடலோட்டு காதை’ என்றொரு பெரும்பகுதி உண்டு. சிலம்புக்குரிய நாகமணியைப் பெற்றுவர மீகாமன் கப்பலோட்டிச் செல்கிறான். வழியில் வெடியரசன் அவனை மறிக்கிறான். கடலிலும் கரையிலும் போர் நிகழ்கிறது. இச்சேர்க்கையை நாட்டார் கற்பனையின் மிகை என்று ஒதுக்குவது எளிது. எமது புலமை மரபு பெரும்பாலும் அதனையே செய்துவந்திருக்கிறது.

படையெடுப்பை ஏவுபவன் இங்கு அரசன் அல்லன், வணிகன் என்பது மனங்கொளத்தக்கது. மணியொன்று வேண்டும், அது பிறர் கடலில் இருக்கிறது, ஆகவே ஆயுதந்தாங்கிய கப்பல் புறப்படுகிறது. போருக்கும் பண்டத்துக்கும் இடையிலான உறவை இக்காதை மூடி மறைக்கவில்லை. தோற்றவனுடைய மனைவியின் புலம்பலுக்கும் அதில் இடமுண்டு. வெடியரசனை முக்குவர் தலைவனாகக் கொண்டு, அவன் வழியினரோடு தம்மைத் தொடர்புபடுத்தும் ஐதிகம் கிழக்குக் கரையில் நிலவுவதை நோக்குமிடத்து, தோற்றவர் பக்கத்து நினைவு வென்றவர் கதைக்குள்ளே புகுந்து நிலைத்துவிட்டது எனலாம்.

இனி, முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியை நோக்குவோம். 1025 அளவில் நிகழ்ந்த கடாரப் படையெடுப்பைக் கூறும் அப்பகுதியில் ஸ்ரீவிசயம் தொடங்கிக் கடாரம் ஈறாகப் பதின்மூன்று இடப்பெயர்கள் அடுக்கப்படுகின்றன. ஒவ்வோர் ஊருக்கும் அடைமொழி உண்டு. கலங்கள் கடலிற் சென்றன என்ற செய்தியும் உண்டு. படைஞர் எவ்வாறு கரையேறினர், எத்தனை பேர் அலையில் மாண்டனர், தண்டு வலித்தோர் யாவர் என்பன பற்றி ஒரு சொல்லும் இல்லை. மெய்க்கீர்த்தி என்ற வடிவமே அத்தகையது. வினை முழுவதற்கும் ஒரே எழுவாய், அரசன்.

சின்னமுகத்துவாரக் கரையில் நின்று, வாடைக்காலத்தில் ஒரு கரைவலைத் தோணி அலை முறியும் இடத்தைக் கடப்பதைப் பார்த்தவர்களுக்கு அம்மௌனத்தின் பொருள் விளங்கும். கடலையும் கரையையும் பிரிக்கும் அச்சில பாகந்தான் ஆபத்து மிக்கது. அங்கு அரசன் இருப்பதில்லை.

இவ்விடயத்தில் பாளிமொழிச் சூளவம்சம் வியப்பூட்டுமளவுக்கு வேறுபடுகிறது. அதுவும் அரசபுகழ் நூலே. எனினும், முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) பர்மாவுக்கு அனுப்பிய கப்பல்களில் ஏற்றப்பட்டவற்றை அது பட்டியலிடுகிறது: ஓராண்டுக்கான உணவு, கவசங்கள், நச்சம்புப் புண்ணுக்கு மாட்டுக்கொம்புகளில் அடைத்த மருந்து, அம்புமுனையைப் பிடுங்கும் இரும்புக் குறடு, வைத்தியர், பணிப்பெண்கள். குறடு என்ற ஒரு சொல்லில் போர்வீரனின் உடல் இலக்கியத்துள் வந்துவிடுகிறது. பாண்டிநாட்டுக்கு மாதோட்டத்திலிருந்து சென்ற இலங்காபுரனின் படை கரையிறங்கிய விதமும் அவ்வாறே கூறப்படுகிறது. நீர் ஆழமாதலால் பெருங்கப்பலிலிருந்து இறங்க இயலவில்லை. வீரர் நூற்றுக்கணக்கான சிறுதோணிகளுக்கு மாறினர். கரையில் நின்ற தமிழ்ப்படையின் அம்புமாரியைத் தோற்கேடயங்களால் தடுத்தவாறு கரை சேர்ந்தனர். சிறைப்பட்ட தமிழர் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, முன்பு சிதைக்கப்பட்ட தாதுகோபத்தைச் செப்பனிடும் வேலையில் அமர்த்தப்பட்டனர் என்பதையும் நூலாசிரியர் பெருமையோடு எழுதுகிறார். அவரது பெருமை எமக்குச் சான்றாகிறது: போரின் ஆதாயங்களுள் மனித உழைப்பும் ஒன்று.

ஆனால் அதே நூலில், நிகழாது போன ஒரு படையேற்றமே என் கருத்தில் மிக முக்கியமானது. முதலாம் விசயபாகு (1055–1110) தன் முப்பதாவது ஆட்சியாண்டில், சோழர்மீது படையெடுப்பதற்காகப் படைகளைத் துறைமுகங்களுக்கு அனுப்ப முற்பட்டான். வேளைக்காரப் படையினர் கப்பலேற மறுத்துக் கிளர்ந்தனர். தளபதிகள் இருவரைக் கொன்றனர். பொலனறுவை அரண்மனையைக் கொளுத்தினர். அரசனின் தங்கையைச் சிறைபிடித்தனர். கிளர்ச்சி அடக்கப்பட்டதும், தலைவர்கள், கொலையுண்ட தளபதிகளின் சிதையைச் சுற்றிக் கட்டப்பட்டு எரிக்கப்பட்டனர்.

தமிழர் தமிழரோடு பொர மறுத்தனர் என ஒருசாராரும், அந்நியக் கூலிப்படையின் துரோகம் என மறுசாராரும் இதனை விளக்குவர். இரண்டும் இனம் என்ற ஒன்றையே அடியாகக் கொண்டவை. விசயபாகுவின் மறைவுக்குப் பின் அதே பொலனறுவையில் வேளைக்காரர் பொறித்த தமிழ்க் கல்வெட்டோ வலங்கை, இடங்கை என்போரோடு வடுகரையும் மலையாளரையும் தம்முள் எண்ணுகிறது. தந்ததாதுக் கோயிலைக் காப்பதாக உறுதியும் கூறுகிறது. கிளர்ந்தெழுந்த தலைமுறையும் இத்தகைய கலப்புடையதாயின் இனப்பற்று ஒன்றே காரணம் என்று சாதிப்பது கடினம். உறவுணர்வு சிலரை உந்தியிருக்கலாம், அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் இது படைத்தொழிலையே வாழ்வாகக் கொண்ட ஒரு கூட்டம், தன் உயிரை எவ்விடத்தில் பணயம் வைப்பது என்பதைத் தானே தீர்மானிக்க முற்பட்ட நிகழ்ச்சி என்ற வாசிப்பையும் நாம் கருதவேண்டும்.

தமிழ் வரலாற்று நாவல் இப்பொருளை ஏன் தொடவில்லை? சாண்டில்யனின் ‘கடல் புறா’, அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ ஆகியன சோழரின் கடற்பெருமையை லட்சக்கணக்கான வாசகரிடம் கொண்டுசென்றன. கப்பலேற மறுத்த படைவீரன் அவ்வுலகில் நாயகனாக முடியாதவன். மெய்க்கீர்த்தியின் எழுவாய் அங்கு கதாநாயகனாகத் தொடர்கிறது, அவ்வளவே.

இப்பழக்கம் ஏட்டோடு நின்றுவிடவுமில்லை. 1991 ஜூலையில் முற்றுகைக்குள்ளான ஆனையிறவு முகாமை மீட்க அரச படைகள் வெற்றிலைக்கேணியில் தரையிறங்கின. 2000 மார்ச்சில் விடுதலைப் புலிகள் குடாரப்பில் தரையிறங்கினர். ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்தது. இரண்டும் அவரவர் மொழியில் வீரகாதையாயின. தளபதியின் பெயர் இருதரப்பிலும் எழுவாயாயிற்று. முழங்காலளவு நீரில் விழுந்தவர்கள் எண்ணிக்கையாயினர். அவர்களில் பலர் சிங்களக் கிராமத்து, தமிழ்க் கிராமத்து ஏழைப் பிள்ளைகள்.

பர்மாப் படையெடுப்பிற் பங்குகொண்ட தளபதிக்குப் பராக்கிரமபாகு நிலம் வழங்கியதைத் தெவனகலைப் பாறைக் கல்வெட்டு கூறுகிறது. புயலிற் சிதறிய கப்பல்களில் இருந்தோருக்கு அத்தகைய கல்வெட்டு இல்லை. தம்பிலுவிலில் வருடந்தோறும் படிக்கப்படும் புலம்பல், தோற்றவன் ஒருவனின் வீட்டிலிருந்தாவது எழுகிறது.