அப்பா கையெழுத்து

'அன்புக் கரங்கள்' திட்டம் 2025 செப்டம்பரில் தொடங்கியதிலிருந்து ஒரு பாராட்டு திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது: பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கு இனி அரசே பெற்றோர். ஆதரவிழந்த குழந்தைக்குப் பதினெட்டு வயதுவரை மாதம் 2,000 ரூபாய் தருவதை யாரும் குறை சொல்லப்போவதில்லை. அந்தப் பேச்சைக் கல்லூரிவரை நீட்டி, ஆதரவற்ற மாணவர் என்று இனி எவருமே இல்லை என்பதுபோல் சிலர் முழங்குவதுதான் இடிக்கிறது. பெற்றோர் நலமாக இருந்தும் வீட்டு வாசல் அடைபட்டவர்கள் இருக்கிறார்கள். வேறு சாதிப் பையனை விரும்பியவள், இரண்டாம் ஆண்டில் நிச்சயித்த கல்யாணத்தை மறுத்தவள், தன் பாலினம் இன்னதென்று சொல்லிவிட்ட பிள்ளை, அப்பாவின் குடிக்கும் அடிக்கும் பயந்து இனி அந்தப் படி ஏறமாட்டேன் என்று வந்துவிட்டவன். இவர்களை நம் உதவி ஏற்பாடுகளுக்கு அடையாளமே தெரியாது.

நல்லதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புதுமைப் பெண் (2022), தமிழ்ப் புதல்வன் (2024) இரண்டிலும் மாதம் ஆயிரம் ரூபாய் மாணவரின் சொந்தக் கணக்குக்கே போகிறது. வருமான வரம்பும் கிடையாது. அப்பா என்ன சம்பாதிக்கிறார் என்று கேட்காததுதான் அந்தத் திட்டங்களின் ஆகப் பெரிய அழகு. வகுத்தவர்கள்கூட அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. திருநர் மாணவர்களின் கல்லூரி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்று 2024 நிதிநிலை அறிக்கை சொன்னது. இவை வரவு.

மற்றதெல்லாம் அப்பா வழியாகத்தான் வரும். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு 2018-இல் வந்த மத்திய வழிகாட்டு நெறிகளைப் பாருங்கள். தாய் தந்தையரில் ஒருவர் உயிரோடு இருக்கும்வரை அவர்கள் வருமானமே கணக்கு. இருவரும் இறந்த பிறகுதான் பாதுகாவலர் வருமானம். செத்தால் விலக்கு உண்டு, கைவிட்டால் இல்லை. திருச்சி துவாக்குடி என்.ஐ.டி.யில் பி.டெக். கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 1.25 லட்சம். குடும்ப வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருந்தால் முழு விலக்கு, ஐந்து லட்சத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு. மகனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திய தந்தைக்கு மாதம் எண்பதாயிரம் சம்பளம் என்றால், கையில் பத்துப் பைசா இல்லாத மகன் முழுத் தொகையும் கட்ட வேண்டும். வங்கிக்குப் போகலாமா? வழக்கமான கல்விக் கடனில் பெற்றோர் கூட்டுக் கடனாளி. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்குப் பெற்றோரோடு சேர்ந்து கூட்டு உறுதிமொழி. ராகிங் செய்யமாட்டேன் என்று மாணவர் எழுதித் தரும் பத்திரத்தோடு பெற்றோருக்கு ஒன்று தனியாக உண்டு. விடுதிச் சேர்க்கைப் படிவம், அவுட் பாஸ், வருகைக் குறைவுக்கான குறுஞ்செய்தி எல்லாம் அப்பாவின் கைபேசி எண்ணுக்கே. பதினெட்டு வயதில் ஓட்டுப் போடலாம். விடுதி வாசலைத் தாண்ட மட்டும் அப்பா வேண்டும்.

திருச்சி மலைக்கோட்டை அடிவாரத்தில் இருந்துகொண்டு, பெற்றோர் செத்தால்தான் விலக்கு என்று ஒரு விதியை வைத்திருக்கிறோம் என்பது வேடிக்கை. தாயுமானவர் கதையில் ரத்னாவதியின் தாய் இறந்துவிடவில்லை. காவிரியில் வெள்ளம், அவள் அக்கரையில் நின்றுவிட்டாள், அவ்வளவுதான். பிரசவத்துக்குத் தாயாக வந்த சிவபெருமான் இறப்புச் சான்றிதழ் கேட்கவில்லை.

மறுத்துப் பேசுபவர்கள் உடனே சொல்வது: விதியைத் தளர்த்தினால் எல்லோரும் 'வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை' என்று எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கிவிடுவார்கள். இதை நான் பல காலமாகக் கேட்டு அலுத்துவிட்டேன். பங்களா வைத்திருப்பவர் 72,000 ரூபாய் ஆண்டு வருமானம் என்று சான்றிதழ் வாங்குகிற ஊரில், மோசடிக் கவலை ஏன் இந்தப் பிள்ளைகள்மீது மட்டும் பாய்கிறது? விசாரிக்க வழி இல்லையென்பதும் பொய். 'கணவனால் கைவிடப்பட்டவர்' சான்றிதழை இ-சேவை வழியாக விண்ணப்பித்து வாங்குகிறோம். கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்கிறார், வருவாய் ஆய்வாளர் பரிந்துரைக்கிறார், தாசில்தார் தருகிறார். கணவன் கைவிட்டதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஸ்ரீரங்கம் தாலுகா ஆபீசுக்குத் தகப்பன் கைவிட்டதைக் கண்டுபிடிக்கத் தெரியாதா? இங்கிலாந்தில் இருபத்தைந்து வயதுக்கு உட்பட்ட மாணவர் குடும்பத்தோடு உறவு அறுந்தவர் என்றால், அவரை நன்கறிந்த ஆசிரியரோ மருத்துவரோ சமூகப் பணியாளரோ எழுதித் தரும் கடிதத்தை ஆதாரமாகக் கொள்கிறார்கள். பெற்றோர் வருமானத்தை ஒதுக்கிவிட்டுக் கடன் கணக்கிடுகிறார்கள். அங்கும் ஆதாரம் தேடி அலையும் துன்பம் உண்டு. ஆனாலும் அப்படி ஒரு நிலைமை இருக்கிறது என்று படிவத்துக்காவது தெரிந்திருக்கிறது.

இன்னொரு வாதம் கொஞ்சம் நாகரிகமாக வரும். உறவை முறித்துக்கொள்ள நாமே ஊக்கம் கொடுக்கலாமா, சேர்த்துவைப்பதல்லவா உதவி? வீட்டாரை அழைக்கக் கல்லூரி ஆலோசகரின் கை முதலில் தொலைபேசிக்குப் போவது இதனால்தான். சின்னச் சண்டைகளில் பலிக்கவும் செய்யும். வீட்டுக்கு முகவரி தெரிந்துவிடக் கூடாது என்று ஒளிந்திருப்பவளுக்கு அந்த அழைப்பு என்ன செய்யும்? பொறியியல் படித்துக்கொண்டிருந்த சங்கர், சாதி மாறி மணந்ததற்காக 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட மாநிலம் இது. ரத்த உறவுக்கு வெளியே ஒருவர் தானே தேர்ந்துகொள்ளும் குடும்பத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் ஏற்றுப் பேசியது. விடுதிக் காப்பாளர்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. சேர்ந்தாலும் பயனில்லை என்பேன். ஏனென்றால் அங்கே அக்கறை என்ற பெயரில் நடப்பது பொறுப்பைக் கைகழுவும் வேலை. நாளை ஏதாவது ஆனால் காட்ட ஒரு கையெழுத்து வேண்டும், அதற்கு ஓர் அப்பா வேண்டும்.

மாதம் கிடைக்கும் அந்த ஆயிரம் ரூபாய் இதற்குள் எவ்வளவு தூரம் போகும்? மே மாதம் விடுதி மெஸ்ஸை மூடுவார்கள், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். ஸ்ரீரங்கத்தில் அறை கேட்டுப் போனால் வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி 'அப்பா என்ன பண்றார், கூட்டிட்டு வாங்க'. மாநிலத்தில் 2,739 அரசு விடுதிகளுக்கு 2025 ஜூலையில் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றினார்கள். மாவட்டத்துக்கு ஒரு விடுதியை விடுமுறையிலும் திறந்து வைப்பதற்குப் பெயர்ப் பலகை எழுதும் செலவைவிட அதிகம் ஆகும், உண்மைதான். படிவத்தில் 'பெற்றோர்' என்ற கட்டத்துக்குக் கீழே 'கல்லூரி முதல்வர் சான்றளித்தால் போதும்' என்று ஒரு வரி சேர்க்க அந்தச் செலவும் இல்லை.